தோளைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள்

என் மகனை வெட்டியபோது பின்னேரம் மூன்றரை மணி இருக்கும். நான் எங்கள் பங்குக் கோயிலின் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன். அன்றைக்கும் வந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மகன் முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு படகு இஞ்சினைக் கழற்றிப் போட்டு வைத்திருந்தான். அவனுக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் கரையில் யாருடைய இஞ்சின் நின்றாலும் அவனிடம்தான் கொண்டுவருவார்கள். அவனுடைய தகப்பன் கடற்தொழிலாளி. அந்த நேரம் வலை பொத்துவதற்குக் கரைக்குப் போயிருந்தார்.

முதலில் மோட்டார் சைக்கிள்களின் சத்தம் கேட்டது. மூன்று வந்தன. கேற்றை உதைத்துக்கொண்டு ஆறு பேர் உள்ளே வந்தார்கள். எல்லோருடைய முகத்திலும் துணி கட்டியிருந்தது. கைகளில் வாள். ஒருவன் யன்னல் கண்ணாடிகளை வரிசையாக அடித்துக்கொண்டு போனான். இன்னொருவன் மகனின் மோட்டார் சைக்கிளைச் சரித்து, பெற்றோல் ஊற்றிக் கொளுத்தினான். மற்ற நாலு பேரும் நேரே மகனிடம் போனார்கள்.

"அம்மா, உள்ளை போங்கோ! கதவைப் பூட்டுங்கோ!"

அதற்குப் பிறகு அவன் என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை.

நான் உள்ளே போகவில்லை. உடுப்புகளை மார்போடு பிடித்தபடியே ஓடினேன். முதல் வெட்டு தோளில் விழுந்தது. அவன் கையில் இருந்த, இஞ்சின் கழற்றுகிற சாவியால் அடுத்ததைத் தடுத்தான். இரும்பில் இரும்பு பட்ட சத்தம் கேட்டது. மூன்றாவது கழுத்தில் விழுந்தது. அவன் குந்தி இருந்த இடத்திலேயே சரிந்தான். நான் அவனுக்கு மேலே விழுந்தேன். தலைக்கு மேலே வாள் ஒன்று உயர்வதைக் கண்டு இடது கையை நீட்டினேன். மோதிர விரலும் சின்ன விரலும் கலியாண மோதிரத்தோடு மண்ணில் விழுந்தன. நோவு தெரியவில்லை. மற்றக் கையால் வாளை ஓங்கியவனுடைய முகத்துத் துணியைப் பிடித்து இழுத்தேன். அது கழன்று வந்ததும் அவனுடைய சேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

மீசைகூட ஒழுங்காக முளைக்காத முகம். அவன் என்னைப் பார்த்துக் கெஞ்சுவதுபோலக் கத்தினான்.

"விடுங்கோ அம்மா! விடுங்கோ!"

என் பிள்ளையை வெட்டிய கையோடு நின்றுகொண்டு அவன் என்னை அம்மா என்றான்.

"காணும், விட்டிட்டு வாங்கோடா!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். வந்ததுபோலவே போய்விட்டார்கள். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஊரில் யாரும் வெளியே வரவில்லை. வந்தவர் ஒருவர்தான். எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டுக்காரர், ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். அவர்தான் மகனைத் தோளில் தூக்கி ஒரு ஓட்டோவில் போட்டார். நான் அவனுடைய தலையை மடியில் வைத்து, காய்ந்த உடுப்புகளைக் கழுத்தில் திணித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். துணிகளுக்குக் கீழே ஒரு துடிப்பு இருந்தது. அது என் கையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. பெரியாஸ்பத்திரிக்குத் திரும்புகிற சந்தியில் அது நின்றுவிட்டது. நான் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டோக்காரர் மெதுவாக ஓட்டுவார் என்று பயந்தேன்.

ஏன் வெட்டினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு உதைபந்தாட்டப் போட்டியில் எங்கள் பெடியளுக்கும் வலிகாமத்துப் பக்கத்து ஊர்ப் பெடியளுக்கும் கைகலப்பு நடந்திருக்கிறது. அந்த ஊர்ப் பெடியன் ஒருவனுக்குச் சனத்துக்கு முன்னால் கன்னத்தில் அடி விழுந்திருக்கிறது. அடித்தது என் மகன் இல்லை. அடித்தவனைப் பிடித்து இழுத்துவிட்டவன் இவன். யாரோ கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில் இவனுடைய முகம்தான் தெளிவாக விழுந்திருந்தது.

எங்கள் கோயிலில் வியாகுல மாதா சுரூபம் ஒன்று இருக்கிறது. நெஞ்சில் ஒரு வாள் இறங்கியிருக்கும். நான் சின்ன வயதில் இருந்து அதற்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி வந்தவள். அந்த வாள் வெறும் அலங்காரம் என்றுதான் எனக்குள் இருந்திருக்க வேண்டும். சவப்பெட்டி நடுக்கோயிலில் இருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். எழும்பி நின்று கத்தினேன்.

"உன்ரை பிள்ளை மூண்டாம் நாள் எழும்பினவன்! என்ரை பிள்ளை எப்ப எழும்புவான்? சொல்லு!"

பீடத்தில் நின்ற ஃபாதர் பூசையை நிறுத்திவிட்டார். இரண்டு பெண்கள் என்னைப் பிடித்து இருத்தினார்கள்.

அவனை அடக்கம் செய்து மூன்றாம் நாள் காலமை நான் சேமக்காலைக்குப் போனேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது இதுதான். மல்லிகை மாலைகள் வாடிக் கிடந்த மண்ணை ஒற்றைக் கையால் தோண்டத் தொடங்கினேன். பைத்தியம் பிடித்திருந்தது என்று ஊர் சொன்னது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றை எனக்கு ஒரு தரம் செய்து காட்டும்படி கேட்டேன், அவ்வளவுதான். முழங்கை ஆழம் போயிருந்தேன். காயம் பிரிந்து கட்டு முழுவதும் சிவந்துவிட்டது. என் மனுசன் வந்து பின்னாலிருந்து என்னை அணைத்துத் தூக்கினார். நான் அவருடைய கையைக் கடித்தேன். அவர் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கோடரியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். மகன் கழற்றி வைத்த இஞ்சினைத் துண்டு துண்டாக உடைத்தார். அது வேறொருவருடைய இஞ்சின். இஞ்சின்காரர் வந்து நின்று பார்த்தார், திரும்பிப் போனார். நான் உள்ளே சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றி நிலத்தில் அடித்தேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தடுக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, பொலிஸ் பிடித்தவனை அடையாளம் காட்ட அணிவகுப்பு நடந்தது. நீதவானுக்கு முன்னால் பத்துப் பேர் வரிசையாக நின்றார்கள். ஒரே உயரம், ஒரே மாதிரிச் சேட். ஆளைக் கண்டால் தோளைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். நான் எட்டத்தில் நின்று விரலால் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். தொடத்தான் வேண்டுமாம்.

அவன் ஏழாவதாக நின்றான். தலையைக் குனிந்திருந்தான். நான் வலது கையை அவனுடைய தோளில் வைத்தேன். சேட்டுக்குள்ளால் உடம்பின் சூடு தெரிந்தது. மெல்லிய எலும்பு. என் மகனும் இந்த உயரம்தான், தோள் மட்டும் இன்னும் கொஞ்சம் அகலம். கையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினால் கண்ணைத் தோண்டலாம் என்று கணக்குப் பார்த்தேன். அவன் என் இடது கையைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"இவர்தானா?" என்று நீதவான் கேட்டார்.

"ஓம் ஐயா, இவன்தான்" என்றேன். ஒரு பெண் பொலிஸ் என் கையைப் பிடித்து விலக்கும்வரை நான் அதை எடுக்கவில்லை.

மகனின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வீட்டில் சாப்பாடும் முடிந்தது. ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். என் மனுசன் ஃபாதரைக் கோயிலில் விடப் போயிருந்தார். மகனின் கூட்டாளிகள் நாலு பேர் மட்டும் போகாமல் நின்றார்கள். சின்ன வயதில் இருந்து என் வீட்டில் சோறு தின்றவர்கள். அவர்களில் ஒருவன் மகனுக்கு உயிர்க் கூட்டாளி. அவன்தான் கதைத்தான்.

"அன்ரி, உவனைப் பொலிஸ் பிடிச்சு மறியலுக்கை வைச்சிருக்கு. வீடு வெளியிலைதானே இருக்கு. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்."

வளவின் மூலையில் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை நான் ஏற்கெனவே கண்டிருந்தேன். அது என்னவென்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஐஸ் தொழிற்சாலைக்காரர் ஓடிவந்தார். "அக்கா, வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பாங்கள்" என்றார். பெடியளின் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றார். அவரைத் தள்ளி விழுத்தினார்கள்.

நான் ஓம் என்றேன். அதோடு நிறுத்தவும் இல்லை. நீதிமன்றக் கடதாசியில் நான் தோளைத் தொட்டுக் காட்டியவனுடைய விலாசத்தைப் பார்த்து மனதில் வைத்திருந்தேன். பிள்ளையார் கோயிலடியால் திரும்பி இரண்டாவது ஒழுங்கை என்று வழியும் சொல்லி அனுப்பினேன்.

இருட்டுவதற்கு முன்னரே திரும்பி வந்தார்கள். உயிர்க் கூட்டாளியின் சேட்டில் இரத்தம் தெறித்திருந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கதவை உடைச்சம், அன்ரி. வீட்டிலை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லை. தாய்க்காரி குறுக்கை வந்திட்டா."

"செத்திட்டாவோ?"

"இல்லை. முகத்திலையும் கையிலையும் பட்டிட்டுது."

எனக்குள்ளே சந்தோசம் எழுந்தது. மறைத்து எழுதினால் இந்த எழுத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஒரு மாதமாகத் தொண்டைக்குள் இறங்காத சோற்றை அன்றைக்கு நான் வழித்துச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோயாளர் வரிசையாக இருக்கிற வாங்கில் எனக்கு எதிரே ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் திருநீறு. காதடியில் இருந்து நாடிவரைக்கும் தையல். இடது கையில் கட்டு. முகத்தைக் காப்பாற்ற இடது கையைத்தான் நீட்டியிருக்கிறார். தாதி அந்த ஊரின் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டபோது, அவனுடைய தாய் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவர் எழும்பி என்னைக் கடந்து போகையில் என்னுடைய கட்டைப் பார்த்து, "நோகுதே?" என்று கேட்டார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என்றாலும் நான் எதுவும் செய்திருக்க மாட்டேன். ஆனால் அதற்குள் ஐஸ் தொழிற்சாலைக்காரரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வீட்டில் புகுந்து வெட்டியவர்களில் அவரும் ஒருவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவருடைய மனைவி கைக்குழந்தையோடு என் வாசலில் வந்து நின்றார்.

"உங்கடை பிள்ளையைத் தோளிலை தூக்கினவர் அக்கா அவர். அவர் எங்கை நிண்டவர் எண்டு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கோ!"

எனக்குத் தெரியும். அவர் என் முற்றத்தில் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றவர். ஆனால் அதைச் சொல்வதானால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

செய்த பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் ஃபாதர் இளம் ஆள். என் மகனைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும்.

"ஃபாதர், நான் ஒரு பொம்பிளையை வெட்டினனான்" என்றேன்.

தட்டிக்குப் பின்னால் அவர் காதை என் பக்கம் சாய்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தச் சோறு உட்பட.

"பொலிசுக்குப் போ எண்டு நான் உங்களுக்குச் சொல்ல மாட்டன் அம்மா" என்றார். "போகாதேங்கோ எண்டும் சொல்ல மாட்டன். அந்த மனுசன் உள்ளை இருக்கிறது உங்களுக்கு நித்திரையைத் தருதோ?"

"இல்லை."

"பிறகென்ன."

எழும்பப் போனவள் திரும்பவும் முழந்தாளிட்டேன். "ஃபாதர், என்ரை பிள்ளை எழும்பேக்கை கழுத்திலை காயத்தோடையோ எழும்புவான்?"

அவர் அழுகிறார் என்று தெரிந்தது. "எனக்குத் தெரியாது அம்மா" என்றார். "ஆண்டவர் காயங்களோடைதான் எழும்பினவர்."

அந்தப் பதில் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது. காயம் இல்லாத பிள்ளையைத்தான் நான் பெற்றேன். காயம் இல்லாமல்தான் எனக்கு வேண்டும். ஆனால் அன்றில் இருந்து அவனை நினைக்கிறபோதெல்லாம் நிற்கிற மகன் ஒருவன் தெரியத் தொடங்கினான். கழுத்தில் தழும்போடு, ஆனால் நிற்கிறான். அதுவரைக்கும் என் கண்ணுக்குள் அவன் விழுந்தபடியேதான் கிடந்தான்.

மறுநாள் காலமை பஸ் ஏறி, நான் வழி சொல்லி அனுப்பிய அந்த ஒழுங்கைக்கே போனேன். இரண்டு பக்கமும் செம்மண்ணில் வெங்காயம். வீட்டின் முன்கதவு இன்னும் பிளந்தபடி கயிற்றால் கட்டியிருந்தது. அந்தத் தாய் கிணற்றடியில் ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆர் நீங்கள்? ஆஸ்பத்திரியிலை கண்டனான்போலை இருக்கு."

"உங்கடை பிள்ளை வெட்டின பிள்ளையின்ரை தாய் நான்" என்றேன். "இஞ்சை ஆக்களை அனுப்பினதும் நான்தான். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் எழும்பி வந்தார். நல்ல கையால் என் கன்னத்தில் அறைந்தார். விழுந்தவளின் தலைமயிரைப் பிடித்துக் கிணற்றுக்கட்டோடு மோதினார். கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. நான் கையை உயர்த்தவில்லை. உயர்த்தக்கூடாது என்று நினைத்துப் போகவும் இல்லை, அந்த நேரத்தில் கை வரவில்லை.

"என்ரை பிள்ளையைக் காட்டிக் குடுத்தாய். அது உன்ரை நியாயம். என்ரை முகத்தை என்னத்துக்கடி வெட்டினாய்? நானோ உன்ரை பிள்ளையை வெட்டினனான்?"

அயலில் இருந்து ஆட்கள் ஓடிவந்து பிரித்தார்கள். அவர் என் மேல் காறித் துப்பினார். எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நெற்றியைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு பஸ் எடுத்தேன்.

அதே நாள் பொலிசுக்குப் போகப் புறப்பட்டபோது என் மனுசன் வாசலை மறித்தார்.

"உமக்கு விசரே? பெடியள் எங்கடை பிள்ளைக்காகப் போனவங்கள்."

"நான் அனுப்பித்தான் போனவங்கள்."

"வெளிக்கிட்டீரெண்டால் இந்த வீட்டிலை எனக்குப் பெண்சாதி இல்லை!"

இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக என்னை அடித்தார். காலமை வாங்கிய அதே கன்னத்தில். நான் அவருடைய கைக்குக் கீழால் குனிந்து வெளியே போனேன்.

பொலிசில் நான் பெடியளின் பெயர்களைச் சொல்லவில்லை. நான் ஓம் சொன்னதையும், வழி காட்டியதையும், ஐஸ் தொழிற்சாலைக்காரர் தடுத்ததையும் சொன்னேன். அவரை விட்டார்கள். என்னைப் பிடித்தார்கள். பிணையில் வந்தபோது எங்கள் கூரையில் ஓடுகள் உடைந்திருந்தன. பெடியளின் தாய்மார் எறிந்த கல். "செத்த பிள்ளையை வித்தவள்" என்று கேற்றில் கழிவு எண்ணெயால் எழுதியிருந்தது. பாலர் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். ஃபாதர் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். உயிர்க் கூட்டாளி தானாக வந்து சரணடைந்தான். மற்ற மூவரும் எங்கே என்று இன்றைக்கும் தெரியாது.

கடைசியில் எனக்கு ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. உயிர்க் கூட்டாளி ஒன்றரை வருடம் உள்ளே இருந்தான். நான் அவனைப் பார்க்கப் போனபோது, "நீங்கள் சொன்னது நல்லது அன்ரி. அந்த மனிசியின்ரை சத்தம் காதை விட்டுப் போகுதில்லை" என்றான். என் மனுசன் பத்து மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஒருநாள் கடலால் வந்து, "சோறு இருக்கே?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கதைக்கிறார்.

மகனின் கொலை வழக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் மேல் நீதிமன்றத்தில் தொடங்கியது. நான் முதல் சாட்சி. சாட்சிக்குக் கூப்பிடும்வரை வெளியே வாங்கில் இருந்தேன். அந்தத் தாயும் தன் மகனைப் பார்க்க வந்திருந்தார். தழும்பு அவருடைய வாயை ஒரு பக்கம் இழுத்திருந்தது. மற்ற வாங்குகள் எல்லாம் நிறைந்திருந்தன. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்து என் வாங்கின் மறு நுனியில் இருந்தார்.

என் கையில் செபமாலை இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கடை வேதத்திலை செத்தவையள் எழும்புவினம் எண்டு சொல்லுறவை. மெய்யே?"

"ஓம். அப்பிடித்தான் நம்புறம்."

"எல்லாரும் எழும்புவினமோ?"

"ஓம்."

"வெட்டினவங்களும்?"

நான் அதை அதுவரை யோசித்ததே இல்லை. சேமக்காலை மண்ணைத் தோண்டியபோதும் என் மகன் ஒருவனைத்தான் எழுப்பச் சொன்னேன். அவன் எழும்பும் இடத்தில் அந்த மெல்லிய தோள்காரனும் நிற்பான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவருடைய முகத்தில் நான் வெட்டுவித்த காயம் இருந்தது. அப்படிப் பார்த்தால் நானும் வெட்டினவள்தான்.

"ஓம்" என்றேன். "அவையளும்தான்."

சொன்ன கையோடு நெஞ்சு எரிந்தது. சொன்னதைத் திரும்ப வாங்கிவிட வேண்டும்போல இருந்தது. அவர் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. உள்ளே இருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பிப் போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறினேன். சத்தியம் செய்துவிட்டு, என் மகனை வெட்டியவனை எனக்குப் பின்னால் உள்ளே வந்து நின்ற அவனுடைய தாயின் கண்ணுக்கு முன்னால் மீண்டும் ஒருமுறை அடையாளம் காட்டினேன்.